எண்ணெய் நின்ற பக்கம்

ஜூன் 3, திங்கள்

ஓய்வு பெற்று இன்றோடு மூன்று நாள். ஐ.டி.ஐ.யில் முப்பத்திரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் காலை ஒன்பது மணிக்கு வீட்டில் என்னதான் செய்வான்? அடுப்படிக்குள் போய் குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வனராணி கரண்டியோடு வந்து நின்றாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொட்டகையில ஒரு ஜீப்பு கெடக்குல்ல, அதப் போயி அக்கக்கா கழட்டுங்க. யாரு கேக்கப் போறா? என் குக்கர விட்ருங்க."

கட்டியவள் சொல்லிலும் நியாயம் இருந்தது. தார்ப்பாயை எடுத்தேன். அப்பா வாங்கிய அறுபத்தெட்டாம் வருஷத்து ஜீப். டிரைவர் சீட்டில் பூனை குட்டி போட்டு, வளர்த்து, கூட்டிக்கொண்டும் போய்விட்டிருக்கிறது. இன்ஜின் பரவாயில்லை. முன் ஆக்சில்தான் போச்சு. வலது முனை நாலு விரல் பின்னால் வளைந்திருக்கிறது. இதை நிமிர்த்த முடியாது, வேறு ஆக்சில்தான் மாற்ற வேண்டும்.

எப்படி வளைந்தது என்று விலாவாரியாக எழுதப் போவதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஓட்டினவன் கண் அசந்தான், பாறையில் மோதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை பவுனுத்தாய் இன்றைக்கும் காலில் தகடு வைத்துக்கொண்டு விந்தி விந்தி நடக்கிறாள். ஓட்டினவன் அவள் புருஷன், அப்போது ஜீப்பைத் தினம் மலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன். அவ்வளவுதான் கதை.

ஜூன் 5, புதன்

பழைய ஆக்சில் இறங்கியது. எட்டு நட்டில் ஆறு மண்ணெண்ணெய்க்கு மசிந்தன, இரண்டை அறுத்துத்தான் எடுத்தேன். உருட்டிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்த வனராணி, "ரிட்டயர்டு ஆனா ஓய்வுன்னாக" என்றாள்.

ஜூன் 8, சனி

மதுரையில் பழைய வண்டிச் சாமான் கடைகளை நாலு மணி நேரம் சுற்றினேன். கடைசியில் ஒரு சந்துக்குள், லாரி டயர்களுக்கு அடியில் கிடைத்தது. அதே மாதிரி முன் ஆக்சில். கம்பி வைத்துப் பார்த்தேன், நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கிறது.

எந்த வண்டியில் ஓடியது என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஆக்சிலுக்கு ஜாதகமா சார் கேக்குறீங்க? தூக்குங்க சார்" என்றார். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. நடுவே எண்ணெய் ஊற்றுகிற கூட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு தேதி எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நட்டுக்குப் பக்கத்திலும் உளியால் ஒரு சின்னப் புள்ளி. எந்த நட்டு எந்த இடம் என்று குறித்து வைத்து வேலை பார்த்திருக்கிறான் யாரோ ஒருவன். இப்படி ஒருத்தன் என் வகுப்பில் இருந்திருந்தால் பெயர் ஞாபகம் இருக்கும்.

ஜூன் 10, திங்கள்

புது ஆக்சிலைப் பிரித்தேன். புள்ளி வைத்தவன் மேலிருந்த மரியாதை பாதி போய்விட்டது. உள் சீல் இரண்டையும் தலைகீழாக மாட்டியிருக்கிறான்!

சீல் என்றால் என்ன? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் வளையம். நடுவே ஷாஃப்ட் சுற்றும், எண்ணெய் வெளியே கசியாமல் இது பிடித்துக்கொள்ளும். ஒரு முகம் மட்டமாக இருக்கும், அதில் நம்பர் எழுத்து அடித்திருப்பார்கள். மறு முகத்தில் மெல்லிய உதடும் அதைச் சுற்றி ஒரு சுருள் கம்பியும் இருக்கும். உதடு எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும். எனவே எழுத்து எப்போதும் மாட்டுகிறவனைப் பார்த்திருக்கும். "எழுத்து நம்மளப் பாக்கணும்டா" என்று வருஷத்துக்கு நாற்பது பேருக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டையே தேய்ந்தது.

இவன் என்னடாவென்றால் சுருள் கம்பி தன்னைப் பார்க்கும்படி மாட்டியிருக்கிறான். அதுவும் ஒன்று தவறியது என்றால் சரி, இரண்டுமே. ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. இத்தனை வருஷம் ஓடிய ஆக்சிலுக்குள், நடுக் கூட்டிலிருந்து இரு முனைக்கும் போகும் குழாய் இரண்டும் எண்ணெய் ஈரமே இல்லாமல் இருக்கிறது. ஓடாமல் கிடந்த வண்டியாக இருக்கும்.

புது சீல் இரண்டையும் முறையாக, எழுத்து என்னைப் பார்க்க, மாட்டினேன்.

ஜூன் 12, புதன்

சக்கரம் திரும்புகிற இடத்தில், ஆக்சிலின் இரு முனையிலும் ஒரு பெரிய இரும்பு உருண்டை உண்டு. அதைச் சுற்றிக் கம்பளி வளையம் வைத்து மூட வேண்டும். வளையத்தை எண்ணெயில் ஊறப் போட்டிருந்தேன். வனராணி எட்டிப் பார்த்து, "தொட்டுக்க ஆகுமா?" என்றாள்.

மத்தியானம் எட்வின் போன் செய்தான். என் பழைய மாணவன், இப்போது மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் மேனேஜர். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக வந்தான். தோட்டத்து ஜீப்புக்கு டிரைவர் வேண்டுமாம். பவுனு புருஷன் வந்து கேட்டிருக்கிறானாம்.

"இருவத்திரண்டு வருசம் அந்த மலையில ஓட்டுனவர்ங்குறாக. ஆனா ஒரு ஆக்சிடென்ட் கதையும் சொல்றாக. நீங்க சொந்தக்காரரு, மெக்கானிக்கும் கூட. நீங்க சொன்னா முடிச்சிருவேன் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பவுனு புருஷன் இப்போது ஏலக்காய்க் குடோனில் காவல் இருக்கிறான். உட்கார்ந்த வேலைதானே, அதற்கு என்ன குறை?

ஜூன் 14, வெள்ளி

ஆக்சில் ஏறியது. செயின் பிளாக்கில் தூக்கி, வனராணி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் போல்ட் போட்டேன். "எனக்கும் ஒரு சர்டிபிகேட் குடுத்துருங்க வாத்தியாரே" என்றாள்.

எட்வினுக்குச் சொல்லிவிட்டேன். ஆள் நல்லவன், ஆனால் மலைப்பாதைக்கு வேண்டாம் என்றேன். மனசறிந்த உண்மையைத்தான் சொன்னேன். நாளைக்கு இருபது கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு கண் அசந்தால் யார் ஜவாப்தாரி?

ஜூன் 16, ஞாயிறு

ஓடுகிறது! ஓடுகிறது! புது பேட்டரி, மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. வனராணியை ஏற்றிக்கொண்டு குரங்கணி ரோட்டில் போய், நாலு சக்கரமும் இழுக்கும் கியரில் ஆற்றங்கரை மேட்டில் ஏறி இறங்கினோம். அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலசாமி பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. இன்றைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

ஜூன் 17, திங்கள்

உருண்டையில் ஒரு சின்ன மூடி உண்டு, உள்ளே கிரீஸ் அளவு பார்க்க. சும்மா திறந்து பார்த்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய். கூட்டில் ஊற்றிய எண்ணெய் குழாய் வழியாக உருண்டைக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும். இந்தக் காலத்தில் சீல் என்ற பெயரில் எதை விற்கிறார்களோ.

ஜூன் 19, புதன்

நேற்று முழுக்கப் பிரித்து, வேறு கடையில் நல்ல சீலாகப் பார்த்து வாங்கி மாட்டினேன். இன்று ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணெய்.

கோபத்தில் ஸ்பேனரை எறிந்தேன். அது போய் வனராணியின் துளசிச் செடியில் விழுந்தது. அதற்கு வாங்கியதை இங்கே எழுதவில்லை.

ஆனால் கோபம் தணிந்த பிறகு ஒரு குறுகுறுப்பு. புள்ளி வைத்தவன் தலைகீழாக மாட்டினான், கசியவில்லை. நான் சரியாக மாட்டினேன், கசிகிறது. என்ன மாயம் இது?

ஜூன் 20, வியாழன்

முற்றத்தில் பரிசோதனை. ஒரு துண்டுக் குழாயில் சீலை இறுக்கி, நடுவே ஷாஃப்டைச் செருகி, மேலே எண்ணெய் ஊற்றிச் சுற்றினேன். உதட்டுப் பக்கம் ஊற்றினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. எழுத்துப் பக்கம் ஊற்றினால் சுற்றச் சுற்றக் கசிகிறது. சீல் மேல் குற்றம் இல்லை. பாடப் புத்தகத்தில் உள்ளதுதான்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த வனராணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எண்ணெய் எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கமாத்தான கம்பி இருக்கணும்?"

"ஆமா."

"அன்னைக்கு ஆக்சிலுக்குள்ள கைய விட்டு மாட்டுனீங்களே, எண்ணெய் ஊத்துற அந்த நடுக் கூட்டுலதான நின்னு மாட்டுனீங்க?"

"ஆமா."

"அப்ப நீங்கதான எண்ணெய்ப் பக்கம் இருக்கீக. எழுத்து உங்களப் பாத்தா, கம்பி எண்ணெய் இல்லாத பக்கம்ல போயிரும்?"

கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு எந்த இடத்தில் சீல் மாட்டினாலும் நாம் காய்ந்த பக்கம் நின்று மாட்டுவோம், எழுத்து நம்மைப் பார்க்கும், கணக்குச் சரி. இந்த ஆக்சிலின் உள் சீலை மட்டும் எண்ணெய்க் கூட்டுக்குள்ளிருந்து மாட்ட வேண்டும். எழுத்து நம்மைப் பார்க்கக் கூடாது. புள்ளி வைத்தவன் சரியாகத்தான் செய்திருக்கிறான். முப்பத்திரண்டு வருஷம் சூத்திரத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திருப்பி மாட்ட வேண்டும். நாளைக்கு.

ஜூன் 21, வெள்ளி

இன்று வேலை எதுவும் செய்யவில்லை. வெயில்.

ஜூன் 22, சனி

சீல்களைத் திருப்பி மாட்டியாயிற்று. முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். உருண்டைக்குள் கிரீஸ் கிரீஸாகவே இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நாள்.

மத்தியானம் எதற்கோ அலமாரியைக் குடைந்தபோது நாலு வருஷத்துக்கு முந்திய டைரி கையில் வந்தது. வந்ததால் புரட்டினேன்.

மார்ச் 14: ‘ஜீப் முன் ஆக்சில், இடது உள் சீல் மாற்றினேன். வலது பழையதே நன்றாக இருக்கிறது, தொடவில்லை. வேலை சுத்தம்.’

ஏப்ரல் 19: ‘பவுனுவுக்கு ஆபரேஷன் முடிந்தது. வண்டி ஓட்டின சன்னாசி தன் மேல் தப்பில்லை என்கிறான். பிரேக்கை மிதித்ததும் வண்டி வலது பக்கம் இழுத்ததாம். நான் போய் வண்டியைப் பார்த்தேன். பிரேக் மிதி கல் மாதிரி நிற்கிறது. ஒரு மாதம் முன்புதான் நான் பார்த்த வண்டி. ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டினவன் கண் அசந்துவிட்டான். பவுனு தூங்கிக்கொண்டிருந்ததால் சாட்சி இல்லை. பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான்.’

டைரியை இருந்த இடத்தில் வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

தெருவில் பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். முருங்கையடியில் கிடக்கும் ஆக்சிலைக் கேட்டார். கொடுக்கலாமா என்று வனராணி கேட்டாள். வேண்டாம், அதில் உதிரிச் சாமான் இருக்கிறது என்றேன்.

"என்ன சாமான்?"

"இருக்கு."

"அப்ப பிரிங்க. மூணு நாளா அதச் சுத்தியேதான வர்றீங்க. பிரிச்சுப் பாக்க என்ன பயம்?"

பயமாம். இவளுக்கு வாய் அதிகம். பிரேக்கில் எண்ணெய் இறங்க வேண்டுமென்றால் உருண்டை நிரம்ப வேண்டும், பிறகு சக்கரக் குடத்துக்குள் போக வேண்டும். ஒரு மாதத்தில் அவ்வளவு தூரம் போகுமா? மலையில் தினம் ஏறி இறங்கினால்?

ஜூன் 24, திங்கள்

பிரித்தேன்.

முதலில் வலது சக்கரம், வளைந்த பக்கம். டிரம் காய்ந்து கிடக்கிறது. பிரேக் லைனரில் தூசிதான், துளி ஈரம் இல்லை.

பிறகு இடது. டிரம்மை உருவும்போதே கை வழுக்கியது. நாலு வருஷம் கழித்தும் லைனர் கறுப்பாக, எண்ணெய் குடித்து, பிசுபிசுவென்று இருக்கிறது. உருண்டைக்குள் கிரீஸ் கரைந்து கூழாகக் கிடக்கிறது. கடைசியாக நடுக் கூட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். இடது சீல். நம்பர், எழுத்து, எல்லாம் அழகாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது. ஆனால் மிதி கல் மாதிரிதான் நிற்கும். இடது பிரேக் வழுக்கும், வலது பிடிக்கும். வண்டி வலது பக்கம் இழுக்கும். மாப்பிள்ளை சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. வலது மலைப் பக்கம் என்பதால் பாறையோடு போயிற்று. அந்த வளைவு மறு மாதிரி இருந்திருந்தால் பள்ளத்தில் போயிருப்பார்கள் இரண்டு பேரும்.

அவருடைய சொல்லை நான் கொன்றேன். டிரம்மைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் கொன்றேன். நான் மாட்டிய சீல் என்பதால் கழற்றத் தோன்றவில்லை. பத்து நாள் முன்னால்தான் எட்வினிடமும் அவர் வேண்டாமென்று சொல்லி வைத்தேன்.

மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். வனராணி வந்து லைனரைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஜூன் 25, செவ்வாய்

சீலையும் இரண்டு பக்க லைனரையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு சிலமலைக்கு, பவுனு வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில்தான். அந்த ஜீப்பை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்த மனசு வரவில்லை.

மூன்று மணி இருக்கும். மாப்பிள்ளை குடோனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்ததும் முதலில் வேட்டியை இறக்கிவிட்டார். "வாங்க மச்சான்" என்றார். பவுனு உள்ளேயிருந்து விந்தி விந்தி வந்து, "என்னண்ணே, அண்ணிக்கு மேலுக்கு எதுவும் முடியலையா?" என்று பதறினாள்.

பொட்டலத்தைத் தரையில் விரித்தேன். எது எண்ணெய் பட்ட பக்கம், எது படாதது, எழுத்து எங்கே இருந்தது, நான் எங்கே நின்றேன், எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் சொல்கிற மாதிரி வந்துவிட்டது, எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. கடைசியில், "தப்பு என் மேலதான் மாப்ள. நீங்க தூங்கல" என்றேன்.

அவர் லைனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தூங்கலையா?"

"இல்ல மாப்ள."

"எதிர்ல ஒரு பால் வண்டி வந்துச்சு மச்சான். பச்சைக் கலரு. கிளீனர் பய வெளிய தொங்கிக்கிட்டு வந்தான். அவன் சட்டை கூட ஞாபகம் இருக்கு. தூங்குனவனுக்கு அது எப்பிடித் தெரியும்னு நான் ஒரு நாள் கூட நெனைக்கல பாருங்க. நீங்க சொல்லிட்டீங்க, படிச்சவுக, வண்டியப் பத்தி தெரிஞ்சவுக. அப்ப நாமதான் அசந்துருக்கோம் போலன்னு நானே நம்பிட்டேன். இவ கால் வலிக்குதுன்னு மொனகுறப்பெல்லாம் எந்திரிச்சு உக்காந்து மன்னிப்புக் கேட்ருக்கேன்."

நான் அவரைப் பொய்யன் என்று சொன்னதை அவர் மறுத்துக்கொண்டிருப்பார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பியிருக்கிறார். இது எனக்குத் தாங்கவில்லை. காலில் விழப் போனேன், மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

பவுனு அழவில்லை. "என் காலு போனது போகட்டும்ணே. தெரியாமச் செஞ்சது. ஆனா இந்த மனுசன் பஸ்ஸுல கூட சன்னல் பக்கம் உக்கார மாட்டேங்குறாரு, அந்தப் பயத்தப் போக்கணும்னுதான் திரும்ப டிரைவர் வேலையே கேட்டுருக்காரு. இத எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரலாம்னு வந்தியா?"

"இல்ல. ஆடிக்குக் கோயில்ல எல்லாரும் கூடுறப்ப..."

"ஆடி வரைக்கும் எதுக்கு? அன்னைக்கு வராண்டாவுல நின்னது பதினோரு வீடு. எனக்கு ஒவ்வொருத்தரும் ஞாபகம் இருக்கு. போன எடு. இப்பவே சொல்லு. எம் முன்னாலயே சொல்லு."

முதல் போன் எட்வினுக்குப் போட்டேன். நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்றும், ஏன் தப்பு என்றும் சொன்னேன். நான்தான் வேலையைக் கெடுத்தேன் என்பது அப்போதுதான் மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே சார் என்று எட்வின் இழுத்தான். பிறகு, இன்னொரு வண்டியும் இறக்கப் போகிறோம், வந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பார்க்கிறேன் என்றான். வேலை கிடைக்குமா, கிடைக்காதா, தெரியாது.

பிறகு பதினோரு வீடு. பவுனு பெயர் சொல்லச் சொல்ல நான் நம்பர் போட்டேன். பெரியப்பா மகன், சித்தி, கம்பத்து மாமா. சீல், எண்ணெய், பிரேக் என்று ஆரம்பித்தால் யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்து சுருக்கிவிட்டேன்: "நான் மாட்டுனது தப்பு. அதான் வண்டி இழுத்துருக்கு. மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல." சிலர் ‘சரி விடு, பழைய கதை’ என்றார்கள். கம்பத்து மாமா என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டு வாங்கியது ஒன்றுதான் இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாப்பிள்ளை முதலில் எட்டக் கதவோரம்தான் நின்றார். ஐந்தாவது போனில் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எட்டாவதில் என் தோளை ஒட்டி, போனுக்குள் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்டார். குடோனுக்கு நேரமாகிவிட்டது, அவர் போகவில்லை.

கடைசி வீடு அவருடைய சொந்த அக்கா, சின்னமனூர். நான் பேச ஆரம்பித்தேன். "நான் தெய்வேந்திரன் பேசுறேங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரியில..." என்பதற்குள் மாப்பிள்ளை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். வாங்கிக் காதில் வைத்து, கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்.

"யக்கா, நான்தான் சன்னாசி. நான் தூங்கலக்கா. முழிச்சுத்தான் இருந்தேன்."